கோழி பதறாமல் அறுப்பது

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)



எனக்கு முன்னாடி பேசின அக்கா வங்கிக் கடனைப் பத்தி அழகாப் பேசினாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தங்கச்சி மண்புழு உரம் பத்திப் பேசுச்சு. எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு கோழி அறுக்கிறது. தலைப்பை வாசிச்ச உடனே பின் வரிசையில சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. சிரிங்க, பரவாயில்லை. ஆனா இந்தக் கூட்டத்துல கோழியே இல்லாத வீடு எத்தனைன்னு கேட்டா நாலு கை தூக்கினா அதிகம். குஞ்சு வளர்க்கப் பயிற்சி இருக்கு, கொட்டகை போடக் கடன் இருக்கு, தீவனம் கலக்க நோட்டீஸ் இருக்கு. அந்தக் கோழியோட கடைசிக் கால் மணி நேரத்துக்கு மட்டும் நமக்கு யாரும் எதுவும் சொல்லித் தர்றதில்லை. வரப்போற பொங்கல்ல இருந்து கூட்டமைப்புப் பேருல சுத்தம் செஞ்ச நாட்டுக்கோழி கொடுக்கப் போறோம்னு தீர்மானம் போட்டிருக்கோம். அதனால இதை இப்பப் பேசித்தான் ஆகணும்.

நம்ம வீடுகள்ல என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை காலையில கோழியைத் தொரத்திப் பிடிக்கிறோம். பிள்ளைங்க நாலு பக்கமும் ஓடுது, கோழி கூரை மேல ஏறுது, வேலிக்குள்ள நுழையுது. பிடிச்ச உடனே காலைக் கட்டி வெயில்ல போடுறோம். ஏன்னா அறுக்கிறதுக்கு ஆம்பளை வரணும். அவரு டீக்கடைக்குப் போயிருப்பாரு, வர ஒரு மணி நேரம் ஆகும். வந்த பிறகு கத்தி எங்கன்னு தேடுறது. தேங்காய் உடைச்ச அருவாளோ, வெங்காயம் நறுக்கின மொட்டைக் கத்தியோ கையில கிடைக்கும். முன்னும் பின்னும் நாலு தடவை இழுக்கணும். அப்புறம் கையை விட்டுடுறது. அது வாசல் பூராம் அடிச்சிக்கிட்டு ஓடும். அது அடங்குறதுக்குள்ளயே கொதிக்கிற தண்ணியில முக்கி எடுக்கிறவங்களும் உண்டு. நான் யாரையும் குத்தம் சொல்ல வரலை. யாரும் காட்டிக் கொடுக்கலைன்னா இப்படித்தான் இருக்கும்.

என் மக ஆறாவது படிக்கிறப்ப ஒரு விசேஷ வீட்டுல பாதி அறுத்த கோழி எந்திரிச்சு ஓடினதைப் பாத்துட்டா. அதுக்குப் பிறகு ரெண்டு வருஷம் கறியைத் தொடலை. அவளோட அப்பா சத்தம் போட்டுப் பாத்தாரு, ஆச்சி மந்திரிச்சுப் பாத்தாங்க. ஒண்ணும் நடக்கலை. நான்தான் யோசிச்சேன். புள்ள சொல்றதுல என்ன தப்பு? கோழி சாகுறது அவளுக்குப் பிரச்சினை இல்லை, அது செத்த விதம்தான் பிரச்சினை. அப்புறம் கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் போனப்ப அங்க வந்த கால்நடை மருத்துவர் அம்மாகிட்ட இதைக் கேட்டேன். அவங்க சொன்னதையும், எங்க மாமியார் கையில பாத்ததையும், நானே நாலு வருஷமாச் செய்யறதையும் சேர்த்துத்தான் இப்பச் சொல்றேன்.

வேலை முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பிக்குது. அறுக்கப்போற கோழிக்கு அன்னைக்குச் சாயங்காலத்தோட தீனியை நிறுத்திடணும். எட்டு மணி நேரத்துல இருந்து பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் போதும். தண்ணி மட்டும் எப்பவும் இருக்கணும், அதை நிறுத்தக் கூடாது. தீனிப்பையும் குடலும் காலியா இருந்தா வயித்தைக் கிழிக்கும்போது கழிவு கறியில படாது. ராத்திரி அடைஞ்ச பிறகு அந்தக் கோழியை மட்டும் எடுத்துத் தனியாப் பஞ்சாரத்துல கவுத்துடுங்க. இருட்டுல கோழிக்குக் கண்ணு சரியாத் தெரியாது, அதனால சும்மா இருக்கும். காலையில தொரத்துற வேலையே கிடையாது.

விடியக்காலையில எடுக்கும்போது ரெண்டு இறக்கையையும் சேர்த்து நெஞ்சோட அணைச்சு எடுங்க, கைக்குழந்தையை எடுக்கிற மாதிரி. காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தொங்கவிட்டுக் கொண்டு போறது வேண்டாம். மருத்துவர் அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. நமக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, கோழிக்கு அது கிடையாது. தலைகீழாத் தொங்கவிட்டா குடலும் ஈரலும் மூச்சுப்பைகள் மேல வந்து அழுத்தும், மூச்சு முட்டும். சந்தைக்கு வண்டியில பத்துக் கோழியைக் காலைக் கட்டி ரெண்டு பக்கமும் தொங்கவிட்டுப் போறதைப் பாக்குறோமே, அத்தனையும் வழி பூராம் மூச்சுக்குத் திண்டாடிக்கிட்டேதான் போகுது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லயே வந்திருக்கு. சாப்பாட்டுக்காக அறுக்கிறதை அந்தச் சட்டம் தடுக்கலை. தேவையில்லாத வேதனை கொடுத்தா அது குத்தம்னுதான் சொல்லுது.

இப்பச் சாக்கு. இது ரொம்ப முக்கியம், செலவும் இல்லை. பழைய தீவனச் சாக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. அடி மூலையில ஒண்ணை மட்டும் கோழித்தலை நுழையுற அளவுக்கு வெட்டி எடுங்க. கோழியைச் சாக்குக்குள்ள விட்டு, தலையை அந்த ஓட்டை வழியா வெளிய எடுத்து, சாக்கை உடம்போட சுத்தி இறுக்குங்க. இறக்கை அடிக்க வழி இல்லை. ஒரு ஆளே செய்யலாம், பிடிச்சுக்க இன்னொரு ஆள் வேண்டியதில்லை. நான் இப்பத் தகரத்துல புனல் மாதிரி அடிச்சு வாங்கிச் சுவத்துல மாட்டியிருக்கேன். மேல அகலம், கீழ குறுகல். கோழியைத் தலைகீழா உள்ள விட்டாத் தலை மட்டும் கீழ வரும். இப்பத்தானே தலைகீழாப் பிடிக்காதேன்னு சொன்னேன்னு கேப்பீங்க. இது உள்ள விட்ட உடனே அறுக்கிறதுக்கு. கத்தியைக் கையில எடுத்து வச்சுக்கிட்டுத்தான் உள்ள விடணும். விட்டுட்டுப் போன் பேசப் போகக் கூடாது.

கத்தியைப் பத்தி என் கருத்தைச் சொல்றேன், கொஞ்சம் கடுமையாத்தான் சொல்லுவேன். மொட்டைக் கத்தியை வச்சுக்கிட்டு உயிர்ல கை வைக்கிறது அநியாயம். கோழிக்குன்னு ஒரு சின்னக் கத்தி, ஒரு சாண் நீளம் இருந்தாப் போதும், தனியா வைங்க. அதுல வெங்காயம் நறுக்காதீங்க, கயிறு அறுக்காதீங்க. முந்தின நாளே சாணைக்கல்லுல தீட்டி வைங்க. காகிதத்தைத் தூக்கிப் பிடிச்சு இழுத்தா வழுக்கிக்கிட்டு அறுபடணும். அருவாமனையில கழுத்தை வச்சு அறுக்கிற பழக்கம் சில வீட்டுல இருக்கு. அதுல உடம்பு அடங்காது, கழுத்து வழுக்கும், நம்ம விரலுக்கும் ஆபத்து. எங்க குழுவுல ஒரு முஸ்லிம் அக்கா இருக்காங்க. அவங்க வீட்டுல கோழி முன்னாடி கத்தி தீட்டவே கூடாதாம், ஒரு கோழி பாக்க இன்னொரு கோழியை அறுக்கக் கூடாதாம். அவங்க மார்க்கத்துல அப்படிச் சொல்லியிருக்குன்னு சொன்னாங்க. கேட்டதும் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அதுல இருந்து நானும் மறைவாத்தான் அறுக்கிறேன், மத்த கோழிங்க பாக்காத இடத்துல.

அறுக்கிற இடம் தாடைக்குக் கீழ, காதுச்சதைக்கு ஒட்டினாப்பல. இடது கையால தலையைப் பிடிச்சுக் கழுத்தை நீட்டுங்க. அந்த இடத்துல இறகை விரலால ஒதுக்கி விடுங்க, இறகு மேல கத்தி வழுக்கும். கழுத்துல ரெண்டு பக்கமும் ரத்தக்குழாய் ஓடுது. ஒரே இழுப்புல ரெண்டு பக்கமும் அறுபடணும். சும்மா தொண்டைக்குழாயை மட்டும் கீறி விட்டா அது மூச்சுத் திணறித்தான் சாகும். தைரியமா ஆழமா ஒரே இழுப்பு. பயந்து பயந்து மெல்ல அறுக்கிறதுதான் கொடுமை. ரெண்டு பக்கமும் சரியா அறுபட்டா ரத்தம் கொட்டும், கால் நிமிஷம் போல நினைவு தப்பிடும். ரத்தம் சொட்டுச் சொட்டா வந்தாச் சரியா அறுபடலைன்னு அர்த்தம், பாத்துக்கிட்டு நிக்காம அந்த நொடியே மறுபடி அறுத்துடணும்.

அறுத்த பிறகும் தலையை விடாதீங்க. கொஞ்ச நேரத்துல உடம்பு வெட்டி வெட்டி அடிக்கும். அந்த நேரம்தான் நிறைய பேரு பயந்துபோய்க் கையை விடுறது. நினைவு போன பிறகு நரம்பு தானா இழுக்கிற இழுப்பு அது, கோழிக்கு அது தெரியாது. என் மகளுக்கு இதை விளக்கிச் சொன்னப்பத்தான் அவளுக்குப் பாதி பயம் போச்சு.

எங்க மாமியார் கத்தி எடுக்க மாட்டாங்க. கழுத்தை ஒடிப்பாங்க. இதை நம்ம ஊருல கழுத்தைத் திருகுறதுன்னு சொல்றோம், அந்தச் சொல்லே தப்பு. துணி பிழியுற மாதிரி கழுத்தைச் சுத்திச் சுத்தித் திருகினா அது மூச்சடைச்சுத்தான் சாகும், சில சமயம் சாகாமலும் கிடக்கும். மாமியார் செய்யறது வேற. ரெண்டு காலையும் இடது கையில சேர்த்துப் பிடிச்சு இடுப்போட அணைச்சுக்குவாங்க. வலது கையில ரெண்டு விரலுக்கு நடுவுல கழுத்து, உள்ளங்கையில தலையோட பின்பக்கம். நேரா கீழ்ப்பக்கமா அழுத்தி ஒரே இழுப்பு இழுத்து, அதே வேகத்துல தலையைப் பின்பக்கமா மடக்குவாங்க. கண் மூடித் திறக்கிற நேரம்தான். தலைக்கும் கழுத்தெலும்புக்கும் நடுவுல எலும்பே இல்லாத ஒரு இடைவெளி விழும், விரலால தொட்டாத் தெரியும். அந்த இடைவெளி இருந்தாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். உடனே கழுத்தை அறுத்து ரத்தத்தை வடிய விடலாம். இது சரியாச் செஞ்சா நல்ல முறைதான்னு மருத்துவர் அம்மாவும் சொன்னாங்க. ஆனா கைப்பழக்கம் வேணும், மணிக்கட்டுல பலம் வேணும். முதல்ல செத்த கோழியில பழகிப் பாக்கணும். மூணு கிலோவுக்கு மேல போன பெருஞ்சேவலுக்கு இந்த முறை வேண்டாம். எனக்குக் கத்திதான் சரிப்பட்டு வருது. மாமியார் அதைப் பாத்து "இவளுக்கு ரத்தம் பாக்கணும்"னு கேலி பண்ணுவாங்க.

எந்த முறையில செஞ்சாலும் அடுத்த ரெண்டு மூணு நிமிஷம் ஒண்ணும் செய்யாதீங்க. ரத்தம் வடியட்டும். அப்புறம் பாருங்க. கண்ணு மேல விரலால தொட்டா இமை அசையக் கூடாது. தலை துணி மாதிரி தொங்கணும். ஆசனவாய்ப் பக்கம் விரிஞ்சு சுருங்குதான்னு பாருங்க, கோழி மூச்சு விடுறது அங்க தெரியும். இது மூணும் அடங்கின பிறகுதான் தண்ணியில முக்கணும். உயிரோட சுடுதண்ணியில போடுறதை மட்டும் நம்ம கூட்டமைப்புல யாரும் செய்யக் கூடாதுன்னு நான் கேட்டுக்கிறேன். இதைத் தீர்மானமாவே நோட்டுல எழுதலாம்.

தண்ணி கொதிக்கக் கொதிக்க ஊத்தினாத் தோல் வெந்து இறகோட கிழிஞ்சு வரும். கொதிச்ச தண்ணி ஒரு பங்குன்னா பச்சைத் தண்ணி ஒரு பங்கு கலந்துக்கங்க. அதுல ஒரு நிமிஷம் போல முக்கி, இறக்கையில ஒரு பெரிய இறகை இழுத்துப் பாருங்க. சுலபமா வந்தா எடுத்துடலாம். அப்புறம் மஞ்சள் தடவிச் சோளத்தட்டையிலயோ பனையோலையிலயோ வாட்டுறது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈரலோட ஒட்டியிருக்கிற பச்சைப் பித்தப்பை உடையாமப் பாத்துக்கங்க. வால் மேல இருக்கிற எண்ணெய்க்கட்டியை வெட்டி எறிஞ்சிடுங்க. ஈரல் வீங்கியோ வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழுந்தோ இருந்தா அந்தக் கோழியை யாருக்கும் கொடுக்க வேண்டாம், நம்மளும் சாப்பிட வேண்டாம். குடலையும் இறகையும் தெருவுல போட்டு நாயைக் கூட்டாதீங்க. குழி தோண்டிப் புதைங்க.

இங்கதான் ஒரு முக்கியமான விஷயம். தூங்கி விழுற கோழியை "செத்துப் போறதுக்குள்ள அறுத்துடு"ன்னு சொல்ற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. நட்டம் ஆகிடுமேன்னு செய்யறோம், புரியுது. ஆனா பச்சையும் வெள்ளையுமாக் கழியுது, இறக்கை தொங்குது, கழுத்து முறுக்குதுன்னா அது வெள்ளைக்கழிச்சல். அதை அறுத்துக் கழுவின தண்ணி, ரத்தம், இறகு எல்லாம் ஊர்க்கோழி பூராத்துக்கும் நோயைக் கொண்டு போகும். ஒரு கோழி நட்டத்தைத் தடுக்கப் போய் ஒரு தெருவுக் கோழியே போகும். பிழைக்காதுன்னு தெரிஞ்சு துடிச்சுக்கிட்டிருக்கிற கோழியை விட்டுவச்சு வேடிக்கை பாக்குறதும் பாவம்தான். அதுக்குத்தான் மாமியார் முறை. கழுத்தை இழுத்து ஒடிச்சிட்டா ரத்தம் சிந்தாது, ஆழமாக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிடலாம். ஒரே நாள்ல நாலஞ்சு கோழி பொத்துப் பொத்துன்னு விழுந்தா மட்டும் எதையும் தொடாதீங்க. பறவைக் காய்ச்சலா இருந்தா மனுசருக்கும் வரும். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க, இல்லைன்னா 1962-க்குப் போன் பண்ணுங்க. பிப்ரவரி மாசம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுறாங்க, அன்னைக்காவது கோழியை மேய விடாம அடைச்சு வைங்க. மருந்து கொடுத்த கோழியையும் மருத்துவர் சொல்ற நாள் கழியாம அறுக்க வேண்டாம்.

போன மாசக் கூட்டத்துல ஒரு பெரியம்மா என்கிட்ட கேட்டாங்க. "வளர்த்த கையால அறுக்கிறியே, உனக்கு மனசு வருதா?" அவங்க கோழி வளர்ப்பாங்க, ஆனா யாவாரிக்குத்தான் கொடுப்பாங்க, வீட்டுல அறுக்க விடமாட்டாங்க. நான் அவங்களுக்கு மரியாதையாச் சொன்னேன். மனசு வராதுதான் பெரியம்மா. ஆனா யாவாரி கையில போற கோழி என்ன ஆகுதுன்னு நம்ம பாக்குறதில்லை, அவ்வளவுதான். கட்டின காலோட சந்தைக்குப் போயி, நாள் பூராம் தண்ணி இல்லாமக் கிடந்து, தெரியாத கையில சாகும். என்கிட்ட வளர்ந்த கோழி என் கையைப் பாத்துப் பயப்படாது. கடைசி வரைக்கும் அது தண்ணி குடிச்சிருக்கும், இருட்டுல தூங்கியிருக்கும். பெரியம்மா பதில் சொல்லலை. அவங்க எண்ணத்தை மாத்திக்கவும் இல்லை. அது அவங்க இஷ்டம், யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மனசு இல்லாதவங்க கை நடுங்கும், நடுங்குற கை அறுக்கக் கூடாது. இறகு பிடுங்க, எடை போட, கணக்கு எழுத எத்தனையோ வேலை இருக்கு.

கணக்குன்னதும் ஞாபகம் வந்துச்சு, விலையைச் சொல்லாம இறங்கினா நீங்க என்னை விட மாட்டீங்க. பதறாம அறுத்த கோழிக்கும் அடிச்சிக்கிட்டுச் செத்த கோழிக்கும் கறியைப் பாத்தாலே வித்தியாசம் தெரியும். அடிச்சிக்கிட்டதுல இறக்கை மூட்டுல, தொடையில ரத்தம் கட்டிக் கருநீலமா இருக்கும். டவுன்ல வாங்குறவங்க அதைப் பாத்தா செத்த கோழியோன்னு சந்தேகப்படுவாங்க. நான் எடை போட்டுப் பாத்த வரைக்கும் ரெண்டு கிலோ உயிர்க்கோழி, தலை, கால், குடல், இறகு எல்லாம் போக தோலோட ஒண்ணே முக்கால் கிலோ வரும்னு நினைக்காதீங்க, 1.3 கிலோவுல இருந்து 1.4 கிலோதான் வரும். எங்க பக்கம் உயிரோட கிலோ 400 ரூபாய்னு வச்சுக்கிட்டா கோழி 800 ரூபாய். சுத்தம் செஞ்ச கறியை கிலோ 600-க்குக் கொடுத்தா அந்த 800 ரூபாய்தான் திரும்பி வருது. விறகு, மஞ்சள், நம்ம கூலி எல்லாம் போச்சு. கிலோ 650 வச்சாத்தான் ஒரு கோழிக்கு எழுபது எண்பது ரூபாய் கையில நிக்கும். புரட்டாசியில எப்படியும் யாவாரம் படுத்துடும், அந்த மாசத்தைக் கணக்குல சேர்க்காதீங்க. விக்கிறதுக்கு முன்னாடி உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு எடுக்கணும், அதைக் கூட்டமைப்பே பாத்துக்கும்னு செயலாளர் அக்கா சொல்லியிருக்காங்க. முஸ்லிம் வீட்டு ஆர்டர் வந்தா நம்ம அறுத்துட்டு ஹலால்னு சொல்லக் கூடாது. அதை அந்த அக்கா வீட்டுல முறைப்படி அறுத்துக் கொடுக்கிறதாப் பேசியிருக்கோம்.

என் மக இப்ப ஒன்பதாவது படிக்கிறா. கறி சாப்பிடுறா, ஆனா நம்ம வீட்டுல அறுத்தது மட்டும்தான். விசேஷ வீட்டுல இலையில வச்சா ஒதுக்கி வச்சுடுறா, நானும் கேக்குறதில்லை.

தகரப் புனல் எங்க வீட்டுல ரெண்டு இருக்கு. ஒண்ணு சின்னது, விடைக்கோழிக்கு. ஒண்ணு பெரிசு, சேவலுக்கு. யாருக்கு வேணும்னாலும் சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போங்க, திங்கக்கிழமைக்குள்ள சுடுதண்ணி ஊத்திக் கழுவித் திருப்பிக் கொடுத்துடுங்க. கையில பழகிப் பாக்க நினைக்கிறவங்க ஞாயித்துக்கிழமை விடியக்காலை அஞ்சு மணிக்கு வரலாம், ஒரு தடவைக்கு ரெண்டு பேருக்கு மேல வேண்டாம், கூட்டம் சேர்ந்தா கோழி மிரளும். கத்தியை மட்டும் அவங்கவங்க தீட்டிக் கொண்டு வரணும்.